இரண்டு டின் சிங்கப்பூர் ஆயில்

எண்ணெய் விஷயத்தில் என்னோடு பேசி ஜெயித்தவன் மதுரையில் கிடையாது. பழங்காநத்தத்தில் வந்து சோணை ஒர்க்‌ஷாப் எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்லுகிறவனே, "வண்டிய மட்டும் குடுங்கண்ணே, வாயக் குடுக்காதீங்க" என்று புத்தி சொல்லித்தான் அனுப்புவான். கோபக்காரன் என்று பெயர் வாங்கியாயிற்று. போகட்டும். ஓடுகிற இஞ்சினைக் காதால் கேட்டே உள்ளே என்ன ஆயில் கிடக்கிறது, எத்தனை நாள் ஆயில் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதன், பால்பாண்டி. கோச்சடையில் வீடு, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். அப்பா காலமாகி வெகுநாள். அம்மா முத்துத்தாயும் அவனும்தான். எங்களுக்குள் சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்தே 'மாப்ள, மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த முறைக்கு அவன் அம்மா எனக்கு அத்தை.

கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு கார் ரேஸ் ஓட்டப் போகிறேன் என்று அவன் சொன்னபோது தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பழைய பியட் ஒன்றைப் பிடித்து வந்து இரண்டு வருஷம் மாறி மாறிப் பிரித்தோம். ஒரு கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தோம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினோம். பின்சீட்டு, கதவுத் தகடு என்று கனமானதையெல்லாம் கழற்றி எறிந்தோம். மெட்ராஸ் பக்கத்துச் சோழவரம் ரேஸில் மூன்று தடவை ஓட்டினான். எண்பத்தொன்றில் மூன்றாவதாக வந்தான். அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தில் என் செருப்பு ஒன்று தொலைந்தே போனது.

அந்தக் காருக்கு அவன் ஊற்றியது விளக்கெண்ணெயில் செய்த ரேஸ் ஆயில். மெட்ராஸிலிருந்து டின்னில் வரும். அப்போது ரேஸ்காரர்களில் பல பேர் அதைத்தான் நம்பினார்கள். எம்புட்டுச் சூடானாலும் இரும்பை விட்டு விலகாது என்பது உண்மை. ஆனால் வண்டி ஓடாமல் நின்றால் உள்ளுக்குள்ளேயே பசையாகிவிடும். ரேஸ் முடிந்ததும் கொதிக்கக் கொதிக்க வடித்தாக வேண்டும். அது எரிகிறபோது ஒரு வாசம் வரும் பாருங்கள், வறுத்த கடலையும் காய்ச்சிய தலை எண்ணெயும் சேர்ந்தது போல. பால்பாண்டி சட்டையில், தலைமுடியில், படுக்கிற தலையணையில் எல்லாம் அந்த வாசம்தான். அவன் தெருமுனையில் வரும்போதே அத்தை சோற்றைப் போட்டுவிடுவாள்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் என் அக்கா வீட்டுக்காரர் சுருளி சிங்கப்பூரிலிருந்து வந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று கடிதத்தில் கேட்டிருந்தார். நான் டேப்ரிகார்டர் கேட்கவில்லை, வாட்ச் கேட்கவில்லை. சிந்தெடிக் ஆயில் கேட்டேன். பூமிக்குள்ளிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அல்ல அது. ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டாக்கியது. சூட்டில் கெட்டியாகாது, மாசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பசையாகாது என்று ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவர் இரண்டு டின் கொண்டுவந்தார். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கோச்சடைக்கு ஓடினேன்.

பால்பாண்டி டின்னைத் திறந்து இரண்டு சொட்டை விரலில் விட்டான். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தான். எங்கள் ஊரில் ஆயிலுக்கு அதுதான் பரீட்சை. விரலில் ஒட்டினால் நல்ல ஆயில், வழுக்கிக்கொண்டு போனால் தண்ணி ஆயில்.

"என்னடா இது, வடிச்ச கஞ்சித்தண்ணி கணக்கா இருக்கு? இதயா ஊத்தச் சொல்ற?"

"கையில ஒட்டுறதுக்கு அது என்ன அல்வாவாடா? இஞ்சினுக்குள்ள போயி அது என்ன வேலை பாக்குதுன்னு பாரு மாப்ள."

"உள்ள போயிப் பாக்குறதுக்குள்ள பேரிங்கு போயிரும். வேணாம்டா. எனக்கு வெளக்கெண்ணெயே போதும்."

விட்டிருக்கலாம். விடுகிற வாயா இது? படிக்காத தற்குறி என்றேன். வெற்றிலைக் கொடி கட்டுகிறவனுக்கு இஞ்சின் எதற்கு என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வண்டி என்னுதுடா. நீ கூலிக்கு வேல பாக்குறவன். வேலய மட்டும் பாரு" என்றான்.

இரண்டு வருஷம் அந்தக் காருக்காக அவனிடம் ஒரு டீக்குக்கூடக் கை நீட்டியதில்லை நான். டின் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். "என் ஆயிலுதான் சரின்னு நீயா வந்து சொல்ற வரைக்கும் உன் வாசல மிதிச்சா நான் சோணையில்லடா" என்று கத்திவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். அத்தை வாசலில் நின்று, "ஏய்யா சோணை, சாப்புட்டுப் போய்யா" என்று கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தை மாதம் அவனுக்கு மஞ்சள்காமாலை என்று டீக்கடையில் சொன்னார்கள். 'காமாலைதானே, கீழாநெல்லியை அரைத்துக் குடித்தால் பத்து நாளில் எந்திரித்துவிடுவான்' என்று நினைத்தேன். எந்திரித்து வந்து என் கடை வாசலில் நிற்பான், சொல்ல வேண்டியதைச் சொல்லுவான், அதற்குப் பிறகு இரண்டு பேரும் பரோட்டா தின்னப் போகலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். நாளுக்கு நாள் காத்துக்கொண்டிருந்தேன். ஆளனுப்பினால் போகலாம் என்றுகூட ஒரு நாள் மனசு இளகியது. ஆளும் வரவில்லை. மாசியில் ஒரு காலைப்பொழுது மொக்கையன் என்கிற லாரிக்காரன் வந்து, "அண்ணே, பால்பாண்டி தவறிட்டாருண்ணே" என்றான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் கோச்சடை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன்.

அவன் வாசலை மிதித்தேன். சோணையாக இல்லாமல்தான் மிதித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள். "அமாவாசைக்கு அமாவாசை படையல் போடுவேன்யா. செத்தவுகளுக்குப் பிடிச்சத வைக்கணும்ல? அவனுக்குச் சோத்தவிட இந்தக் காருதான பிடிக்கும். நீ வந்து செத்த நேரம் ஓட விட்டுட்டுப் போ" என்றாள்.

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பங்குனி அமாவாசையிலிருந்து போக ஆரம்பித்தேன். வீட்டுப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் கார் நிற்கும். அதன் முன்னால் தலைவாழை இலை போட்டு வடை, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம் எல்லாம் வைப்பாள். சூடம் காட்டியதும் நான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பேட்டரி இறங்கிக் கிடந்ததால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் உயிர் கொடுப்பேன். கார் உறுமியதும் அத்தை பின்பக்கம் போய் சைலென்சர் குழாய்க்கு எதிரே புகைக்குள்ளேயே நிற்பாள்.

"பொகையில நிக்காதீங்க அத்த, நெஞ்சுக்கு ஆகாது."

"இருக்கட்டும்யா. எம்புள்ள மேல அடிக்கிற வாசம்யா இது."

காதில் நன்றாகத்தான் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் வேறு கணக்கு. அந்த ஆயில் அவன் கடைசி ரேஸுக்கு ஊற்றியது. அவன் படுத்துவிட்டதால் வடிக்காமலே கிடந்தது. மாதம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓடினால் போதுமா? ஆனி அமாவாசைக்கு ஹேண்டில் கனத்தது. ஆடிக்கு இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. ஆவணியில் முக்கால் மணி நேரம் போராடி, உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் இஞ்சின் பிடித்தது. சூடம் எப்போதோ அணைந்துவிட்டது. அத்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "கோவமாய்யா அவனுக்கு? வரமாட்டேங்கிறானே" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அடுத்தது புரட்டாசி மகாளய அமாவாசை. முன்னோர்கள் எல்லாரும் வந்து போகிற நாள். அன்றைக்குக் கார் ஓடாவிட்டால் அந்த மனுஷி தாங்கமாட்டாள். நான் அவனைப் பார்க்கப் போகாதவன். அவனுக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அத்தை உயிரோடு இருக்கும் மட்டும் ஒவ்வொரு அமாவாசைக்கும் இந்தக் கார் ஒரே சுற்றில் எந்திரிக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அதற்கு விளக்கெண்ணெய் ஆகாது. என் கடை அலமாரியில் அந்த இரண்டு டின்னும் அப்படியே இருந்தன.

காரைக் கயிறு கட்டி என் கடைக்கு இழுத்து வந்தேன். விளக்கெண்ணெய் ஆயிலும் இதுவும் ஒன்றுக்கொன்று சேராது. ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலும் வம்பு. அதனால் இஞ்சினை முழுக்கப் பிரித்தேன். உள்ளே பூராவும் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாகப் பிடித்திருந்தது. எட்டு நாள் சுரண்டினேன், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன், பெட்ரோல் விட்டுக் கழுவினேன். பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டேன். பழைய ஆயிலையும் கசடையும் வாளியோடு தூக்கிக் கடைக்குப் பின்னால் சாக்கடையில் கவிழ்த்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புது ஆயிலை ஊற்றும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். 'பாத்தியாடா மாப்ள, கடைசியில யாரு ஆயிலு?' என்று வாய்விட்டே சொன்னேன். செத்தவனோடு போட்டி போட்டு ஜெயித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். த்தூ.

மகாளய அமாவாசை அன்று கொட்டகையில் காரை நிறுத்தி ஹேண்டிலைப் போட்டேன். அரைச் சுற்று. அம்புட்டுத்தான். ஜம்மென்று பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை அந்த இஞ்சின் ரேஸ் நாளில்கூடப் போட்டதில்லை. பொட்டுப் புகை கிடையாது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, மார்க்கு வாங்கிய பிள்ளை மாதிரி அத்தையைப் பார்த்தேன்.

அத்தை வழக்கம்போலப் பின்னால் போய் நின்றாள். கொஞ்சம் நின்றாள். குழாய்க்குப் பக்கத்தில் குனிந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சத்தம் வருதுய்யா. அவன் வரலையே."

எனக்குப் புரியவில்லை. "நல்ல ஆயிலு மாத்திருக்கேன் அத்த. இனிமே எந்தக் காலத்துலயும் மக்கர் பண்ணாது" என்றேன்.

"மாத்திட்டியா? அவன் ஊத்துன எண்ணெ எங்கய்யா?"

சாக்கடையில் கொட்டினேன் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்லுவது? நான் முழித்த முழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்று சொல்லிவிட்டு, காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். கீழே இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அதை ஒரு சம்மட்டியால் அடித்து நொறுக்கலாம் போல இருந்தது.

ஒரு மாதம் வேலையே ஓடவில்லை. மறுபடியும் பிரித்து விளக்கெண்ணெயே ஊற்றலாமா என்று பார்த்தேன். ஊற்றினாலும் வாசம் வராது. பழைய ரிங் தேய்ந்து போயிருந்ததால்தான் ஆயில் மேலே ஏறி எரிந்து புகைந்தது. புது ரிங் ஒரு சொட்டை விடாது. என் வேலை அவ்வளவு சுத்தம்! பழைய ரிங்கைத் தேடினேன். அதை இரும்புக் கடைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசி அமாவாசை தீபாவளியோடு வந்தது. சாவு விழுந்த வருஷம் என்பதால் அத்தை வீட்டில் பண்டிகை இல்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம். அவள் இலை போட்டாள், நான் காரை ஓட விட்டேன். அவள் சூடத் தட்டை வைக்க உள்ளே போனதும், மடியில் மறைத்துக் கொண்டுபோயிருந்த விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். பின்னால் போய் முழங்காலிட்டு, சூடாகிக் கிடந்த சைலென்சர் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. அதே வாசம். ஒரு நிமிஷம் அவன் பின்னால் வந்து நிற்கிற மாதிரிதான் இருந்தது.

நின்றது அத்தை. கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு கண்ணைத் திறந்தாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

திருடன் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் என் பக்கத்தில் மண்தரையில் உட்கார்ந்தாள்.

"வேணாம்யா சோணை. நீ ஏன்யா இம்புட்டுப் பாடு படுற? தப்புப் பண்ணுனவ நானு."

"நீங்க என்ன தப்புப் பண்ணுனீக?"

"காமாலக்காரனுக்கு எண்ணெ ஆகாது, எண்ணெ வாசமே படக்கூடாதுன்னு வைத்தியரு சொல்லிட்டாரு. வீட்டுல தாளிக்கல. அவன் சட்டையப் பூராம் வெளுத்தேன். தலகாணியக் கொளுத்திட்டேன். முப்பது நாளும் உப்பில்லாத மோருஞ்சோறுதான் போட்டேன். அதெல்லாம் அவன் ஒண்ணும் சொல்லலய்யா. ஒன்னையத்தான் கேட்டான். 'சோணைய வரச்சொல்லும்மா'ன்னு தெனமும் கேட்டான். நீ எப்பவும் மேலெல்லாம் எண்ணெயும் கரியுமாத்தான வருவ? அதான் பயந்துட்டேன். மொதல்ல ஒடம்பு தேறட்டும், அப்பறம் சொல்லிவிடுவோம்னு இருந்துட்டேன். அவன்கிட்ட, 'ஆளனுப்பிச்சிட்டேன்டா, வாரேன்னு சொன்னான்'னு பொய் சொன்னேன். அத நம்பி வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தான்யா எம்புள்ள. கடசி நாளு வரைக்கும் பாத்தான். அவன் மூக்குல படாம நான் தடுத்த வாசத்தத்தான் மாசாமாசம் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் மேல் வரவில்லை. வைத்தியர் மேலும் வரவில்லை. பழங்காநத்தத்துக்கும் கோச்சடைக்கும் நடுவில் சைக்கிளில் அரை மணி நேரம். ஆளனுப்பினால்தான் போவேனோ நான்? அவன் 'வாரேன்னு சொன்னான்' என்று நம்பிப் படுத்துக் கிடந்திருக்கிறான். நான் டீக்கடையில் உட்கார்ந்து அவன் வந்து தோல்வியை ஒப்புக்கொள்ளட்டும் என்று வடை தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து போய் இஞ்சினை நிறுத்தினேன். பானெட்டின் மேல் கவிழ்ந்தேன். தகரம் சுட்டது. அழுகை வந்தால் எனக்குச் சத்தம்தான் வரும், அடக்கத் தெரியாது.

"உன் ஆயிலே இருந்துட்டுப் போகட்டும்டா மாப்ள!" என்று கத்தினேன். "நீ சொன்னதே சரிடா! எந்திரிச்சு வாடா!"

அத்தை வந்து என் முதுகில் கை வைத்தாள். வெகுநேரம் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அவனும் இதேதான்யா சொன்னான்" என்றாள். "'அவன் சொல்ற ஆயிலயே ஊத்திக்கிறேன், வந்தாப் போதும்'னு."